ஆபிங்டன் தலையணை

பழைய மோட்டார் வாகனங்களைப் பேணுவதில் பற்றுக் கொண்டவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள்; உடற்கூட்டின் வளைவுகளைப் பற்றியும், வர்ணத்தின் மெருகைப் பற்றியும், கம்பிச் சக்கரங்களின் அழகைப் பற்றியும் பொழுது போவது தெரியாமல் பேசுவார்கள்; ஆனால், பிரயாணம் முழுவதும் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே, கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்ற டாஷ்போர்டின் மெத்தையைப் பற்றி, அது வெயிலில் காய்ந்து வெடித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நிறத் துகள்கள் மடியில் உதிரத் தொடங்கும் நாள் வரையில், பெரும்பாலோர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வாகனத்தின் மற்ற அங்கங்கள் வேகத்துக்காகவோ, சௌகரியத்துக்காகவோ, அலங்காரத்துக்காகவோ உண்டானவை. இந்த ஓர் அங்கம் மட்டும் மனிதர் பட்ட காயங்களிலிருந்து பிறந்தது. எத்தனையோ முகங்கள் சிதைந்த பிறகு, எத்தனையோ வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு, கடைசியில் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் வாகனத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆகையால் அதைப் புதுப்பிக்கக் கை வைப்பவர், தாம் தொடுவது வெறும் மேல்தோலை அன்று என்பதை முதலில் அறிந்திருப்பது நல்லது.

குதிரை வண்டிகளின் காலத்தில், குளம்புகள் வாரி இறைக்கும் சேறும் கல்லும் வண்டிக்காரர்மேல் படாதபடி, அவர் காலுக்கு முன்னே சாய்வாக நிறுத்திய பலகையே டாஷ்போர்டின் மூதாதை. குதிரை போய் எஞ்சின் வந்த பின்னரும் பலகை போகவில்லை. எஞ்சினின் சூட்டுக்கும் மனிதர் அமரும் இடத்துக்கும் நடுவே தடுப்பாக நின்றதோடு, நாளடைவில் வேகமானியையும் எண்ணெய் அழுத்தமானியையும் பதித்து வைப்பதற்கு உகந்த இடமாகவும் ஆயிற்று. இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் உருவான ஸ்போர்ட்ஸ் கார்களில் இது பெரும்பாலும் மரப் பலகைதான். சில வாகனங்களில் வால்நட் மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டி மெருகேற்றுவார்கள். சிலவற்றில் தோலைப் போர்த்துவார்கள். விலை குறைந்தவற்றில், நம் ஊர்ப் பேருந்து இருக்கைகளிலும் நாற்காலிகளிலும் நெடுங்காலம் புழங்கிய அதே ரெக்ஸினை ஒட்டுவார்கள். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற ஊரில், பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோலைப் போன்ற தோற்றம் தந்து தயாரிக்கப்பட்ட அந்தச் சரக்கு, தோல் வாங்க வசதியற்றவர்களுக்கும் தோலின் கௌரவத்தை அளித்தது. உயர்ந்த ரகங்களுக்கோ, 1878-ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய கானலி குடும்பத்தாரின் தோல் தவிர வேறெதுவும் ஏற்புடையதாக இருக்கவில்லை. 1948-இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்கே 120 காரின் திறந்த ரகத்தில் டாஷ்போர்டு முழுவதும் தோலால் போர்த்தப்பட்டிருந்தது.

அந்நாளில் இவ்வேலையைச் செய்தவர்கள் குதிரைச் சாரட்டுகளுக்குத் திண்டு தைத்த பரம்பரையினர். குதிரை மயிரைத் திணித்து, மெல்லிய கம்பளித் துணியை நடுவில் வைத்து, தோலை ஈரமாக்கி இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் வளைவில் படியச் செய்து, அடிப்புறத்தில் சிறு ஆணிகளால் இறுக்கும் கலை அவர்களுடைய கையில் இருந்தது. திறந்த கார்களில் அமரும் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி அவர்கள் தைத்து வைத்த உருண்டைத் திண்டு இன்றும் பார்ப்பவர் கையைத் தடவ அழைக்கும். ஆயினும் அந்தத் திண்டு முழங்கையின் சௌகரியத்துக்காகவே ஏற்பட்டது. தோலுக்கு அடியில் வைத்த கம்பளி, பலகையின் முரட்டுத்தனம் கைக்குத் தெரியாமல் இருப்பதற்கே உதவியது. அந்தப் பலகையில் ஒருவர் தலை மோதினால் என்ன ஆகும் என்பதை, அதைச் செய்தவர்களும் எண்ணவில்லை; வாங்கியவர்களும் எண்ணவில்லை.

எண்ணியவர் ஒரு வைத்தியர். மோட்டார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட்டில், சிதைந்த முகங்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையில் நிபுணராக இருந்த டாக்டர் கிளேர் ஸ்ட்ரெய்த், விபத்தில் அடிபட்டுத் தம்மிடம் வந்தவர்களில் ஓட்டுபவருக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தவர்களே மிகுதியாக முகம் உடைந்து வருவதைக் கவனித்தார். ஓட்டுபவருக்குப் பற்றிக்கொள்ள ஸ்டியரிங் சக்கரமாவது இருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு எதுவும் இல்லை. வாகனம் திடீரென்று நின்றபோது அவர் அதே வேகத்தில் முன்னே சென்று, எஃகுத் தகட்டிலும் அதில் துருத்தி நின்ற குமிழ்களிலும் முகத்தைக் கொடுத்தார். நெற்றி எலும்பு உடைந்து, மூக்கு நசுங்கி, தாடை பிளந்து வந்த முகங்களை மணிக்கணக்காகத் தைத்து ஒட்டிய அந்த வைத்தியருக்கு, தம் சிகிச்சையைவிட அந்தக் குமிழ்களை எடுத்துவிடுவது சுலபம் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1937-இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் இக்காயங்களைப் பற்றி எழுதியதோடு நில்லாமல், வாகன உற்பத்தியாளர்களிடமும் அவர் விடாமல் வாதாடினார். அதே ஆண்டு கிரைஸ்லர் ஸ்தாபனத்தின் கார்களில் குமிழ்கள் உட்புறம் புதைக்கப்பட்டன. முன் ஆசனத்தின் முதுகின் மேல்விளிம்பில் மெத்தை ஏறியது. ப்ரெஸ்டன் டக்கர் 1948-இல் கட்டிய கார்களில் டாஷ்போர்டுக்கே மெத்தை வைத்தார். ஆனால் முதல் மாதிரியையும் சேர்த்து ஐம்பத்தொரு கார்களோடு அவருடைய முயற்சி முடிந்துபோயிற்று.

வைத்தியர் அநுபவத்தால் கண்டதை இன்னொருவர் கணக்கால் நிலைநாட்டினார். 1917-இல் விமானப் படையில் பயிற்சி பெற்றபோது நடுவானில் மோதி விழுந்து உயிர் பிழைத்த ஹ்யூ டிஹேவன், தாம் பிழைத்தது எவ்வாறு என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் இறவாதவர்களின் கதைகளைத் திரட்டி, அவர்கள் விழுந்த இடத்தின் மண்ணும் தகடும் எவ்வளவு ஆழம் நெகிழ்ந்து கொடுத்தன என்பதை அளந்து, 1942-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கோலிட்டுப் பெட்டியில் அனுப்பும் வணிகன் பாத்திரத்துக்குக் காட்டும் சிரத்தையை, வாகனத்தைக் கட்டுபவன் மனிதனுக்குக் காட்டுவதில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

அவர் கண்ட உண்மையைச் சிறு கணக்கில் விளக்கலாம். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு தலை, நெகிழாத எஃகின்மேல் மோதி 3 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், அதன்மேல் புவியீர்ப்பைப் போலச் சுமார் 750 மடங்கு விசை விழும். அதே தலை 3 சென்டிமீட்டர் தூரம் ஒரே சீராக நெகிழ்ந்து நிற்குமானால், அவ்விசை சுமார் 75 மடங்காகக் குறைந்துவிடும். ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த அந்த இடைவெளிதான் காயத்துக்கும் மரணத்துக்கும் நடுவே உள்ள தூரம். டாஷ்போர்டு மெத்தையின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. மென்மை என்று விரல் உணர்வது, மோதும் தலைக்கு நிற்பதற்குக் கிடைக்கும் தூரமே.

உண்மை தெரிந்தவுடன் உலகம் திருந்திவிடுவதில்லை. 1956-ஆம் வருட மாதிரிகளில் ஃபோர்டு ஸ்தாபனம், தன் நிர்வாகி ராபர்ட் மக்னமாராவின் முனைப்பால், மெத்தையிட்ட டாஷ்போர்டையும் இடுப்புப் பட்டையையும் கூடுதல் விலைக்கு வைத்து, பாதுகாப்பையே விளம்பரமாக்கி விற்றுப் பார்த்தது. அந்த ஆண்டு விற்பனையில் செவ்ரொலே முந்திக்கொண்டவுடன், பாதுகாப்பு விலைபோகாத சரக்கு என்ற அபிப்பிராயம் அமெரிக்க வியாபாரிகளின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. ஐரோப்பாவிலோ நிலைமை சற்று வேறு. 1959-இல் மெர்சிடிஸ் நிறுவனம், பேலா பாரெனியின் ஆராய்ச்சியைக் கொண்டு, மோதினால் முன்னும் பின்னும் மடிந்து கொடுக்கும் உடற்கூட்டையும் உள்ளே மெத்தையிட்ட டாஷ்போர்டையும் ஒரே வாகனத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஸ்வீடனில் வால்வோவின் நீல்ஸ் போலின் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். ஆனால் இவை குடும்பத்தோடு செல்வதற்கான கார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்பது இளமையின் துணிவுக்கு உரிய வாகனம் என்ற எண்ணம் நிலவிய வரையில், அதில் மெத்தை வைப்பது வீரனுக்குக் குடை பிடிப்பதாகவே கருதப்பட்டது.

இதற்கிடையில் ரசாயன சாஸ்திரம் தன் பங்கைச் செய்து முடித்திருந்தது. அமெரிக்காவில் 1926-இல் வால்டோ செமன், விறைப்பான பிவிசி என்ற பொருளை எண்ணெய் போன்ற திரவங்களில் கலந்து இளக்கித் தோல்போல வளையச் செய்தார், அதுதான் வினைல். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் 1937-இல் ஓட்டோ பாயர் பாலியூரிதேனைக் கண்டார். இரண்டு திரவங்களைச் சேர்த்த மாத்திரத்தில் அவை ஒன்றோடொன்று வினைபுரிய, கலவையிலுள்ள சிறிதளவு நீர் வினையில் சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கிக் குமிழியிட, புளித்த மாவு பொங்குவதுபோலக் கலவை பொங்கி எழுந்து, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, ஃபோமாக இறுகிவிடும். யுத்தத்துக்குப் பிறகு இதன் நெகிழும் ரகங்கள் ஆசனங்களுக்கும் மெத்தைகளுக்கும் வந்தன. டாஷ்போர்டுக்கு வேண்டிய ரகம் ஆசனத்தின் ரகம் அன்று. அழுத்தினால் உடனே துள்ளி எழாமல், மெதுவாக அமிழ்ந்து மெதுவாக மீள்வது. அடியின் வேகத்தைத் தன்னுள்ளே கரைத்துக்கொள்வது. சூடேற்றிய வினைல் தாளை, காற்றை உறிஞ்சும் அச்சுக்குள் இழுத்துப் படியவைத்து, எஃகு எலும்புக்கூட்டை அதன்மேல் பொருத்தி, நடுவில் திரவத்தை ஊற்றி மூடினால், சில நிமிஷங்களில் தோலும் தசையும் எலும்பும் ஒன்றாய்ப் பிணைந்த டாஷ்போர்டு வெளியே வரும். ஊசியும் நூலும் ஆணியும் இல்லாமல் திண்டு செய்யும் வித்தை இவ்வாறு பிறந்தது. சாரட்டுப் பரம்பரையின் கைவேலை ஆலையின் அச்சுக்கு வழிவிட்டது.

இந்த மாறுதலைக் கண்கூடாகக் காண்பதற்கு, இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1929-இல் செசில் கிம்பரின் தலைமையில் எம்ஜி நிறுவனம் அங்கே குடியேறியபோது, அதற்குக் கிடைத்த கட்டடம் பாவ்லோவா என்ற தோல் தொழிற்சாலையின் உபயோகமற்றுக் கிடந்த ஒரு பகுதி. தோல் பதனிட்டவர்கள் விட்டுப்போன கூரையின்கீழ் ஸ்போர்ட்ஸ் கார்கள் உருவாயின. 1957 முதல் ஆஸ்டின்-ஹீலி கார்களும் அங்கேயே கட்டப்பட்டன. 1962-இல் சிட் எனெவரின் திட்டத்தில் வெளிவந்த எம்ஜிபி கார், பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்று, ஆபிங்டனின் பெயரை உலகெங்கும் பரப்பியது. அவற்றில் பெரும்பகுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது.

முதலில் வந்த எம்ஜிபியின் டாஷ்போர்டு அழுத்திச் செய்த எஃகுத் தகடு. வெயில் பட்டுப் பளபளத்துக் கண்ணைக் கூசாதபடி, அதன்மேல் சுருங்கிச் சுருங்கிக் காயும் கறுப்பு வர்ணத்தைப் பூசியிருந்தார்கள். மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய வினைல் திண்டு ஒன்று ஓடியது. ஓட்டுபவருக்கு நேரே இரண்டு பெரிய வட்டங்கள், நடுவே சிறிய மானிகள், விரலால் மேலும் கீழும் தள்ளும் நீண்ட விசைகள், பக்கத்தில் மூடியிட்ட சிறு அறை; எளிமையும் ஒழுங்கும் கூடிய அழகு அது. அந்த அழகு டாக்டர் ஸ்ட்ரெய்த் எச்சரித்த அத்தனை ஆபத்தையும் தன்னுள் கொண்டிருந்தது.

அமெரிக்காவிலோ பொறுமை எல்லை கடந்திருந்தது. ரால்ஃப் நேடர் 1965-இல் வாகன உற்பத்தியாளர்களின் அலட்சியத்தை வெளிப்படுத்திப் புத்தகம் எழுதினார்; 1966-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி வகுக்கப்பட்ட விதிகள் 1968 ஜனவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்தன. அவற்றுள் 201 என்ற எண்ணுடைய விதி டாஷ்போர்டைப் பற்றியது. 6.8 கிலோ எடையுள்ள, தலையைப் போன்ற உருண்டை ஒன்று, மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் டாஷ்போர்டில் மோதினால், அதன் வேகக் குறைவு, புவியீர்ப்பின் 80 மடங்குக்கு மேல், ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குமேல் தொடர்ந்து நீடிக்கலாகாது என்று அவ்விதி கூறியது. முன்னே சொன்ன கணக்கை நினைவில் கொண்டவர்களுக்கு, மூன்று சென்டிமீட்டர் நெகிழ்ச்சியைத்தான் சட்டம் தன் மொழியில் கேட்கிறது என்பது விளங்கும்.

ஆபிங்டன் இரண்டு விதமாக விடை கூறியது. வயது முதிர்ந்த வடிவமான ஆஸ்டின்-ஹீலி 3000 காரைப் புதிய விதிகளுக்கு இசையத் திருத்துவது வீண் செலவு என்று கருதி, 1967-ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் உற்பத்தியை முடித்துக்கொண்டார்கள். எம்ஜிபியையோ கைவிட முடியாது. அமெரிக்கச் சந்தைதான் அதன் உயிர். ஆகவே அமெரிக்காவுக்குச் செல்லும் வண்டிகளில் மட்டும் எஃகுத் தகட்டை எடுத்துவிட்டு, வினைல் தோலும் ஃபோம் தசையும் கொண்ட பருத்த மெத்தை ஒன்றைக் கதவிலிருந்து கதவு வரையில் பொருத்தினார்கள். மானிகள் சிறுத்து உள்ளே பதுங்கின. நீண்ட விசைகளின் இடத்தில் தட்டை விசைகள் வந்தன. பக்கத்து அறை மறைந்தே போயிற்று, ஏனெனில் அந்த இடம் முழுவதும் மெத்தைக்கு வேண்டியிருந்தது. ரசிகர்கள் அதைக் கண்டு முகம் சுளித்து, ‘ஆபிங்டன் தலையணை’ என்று பெயர் சூட்டினார்கள். 1972-ஆம் வருட மாதிரியில் மூடியிட்ட அறையோடு கூடிய வேறு மெத்தை வடிவம் வந்து இதன் இடத்தைப் பிடித்தது. நான்கே மாதிரி ஆண்டுகள் வாழ்ந்த அந்தத் தலையணை, தோல் பதனிட்ட கட்டடத்தில் கட்டிய கார்களில், தோல் வேலைக்காரரின் ஊசி படாமலே ஏறிய திண்டு.

ஏளனத்துக்கு ஆளான அந்தப் பொருள் இன்று தேடப்படும் பொருளாகிவிட்டது. அக்காலத்து வண்டியை அக்காலத்து வண்டியாகவே நிறுத்த விரும்புபவருக்கு அது இன்றியமையாதது. முழுதாகக் கிடைப்பதோ அரிது. காரணம், அதைச் செய்த ரசாயனங்களே அதற்குச் சத்துருக்கள். வினைலை இளக்கிய எண்ணெய் அதனுள் நிலைத்திருப்பதில்லை. சூட்டில் சிறிது சிறிதாக வெளியேறி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுபிசுப்பான பனிப்படலமாக மாறுகிறது. எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்கி விறைக்கிறது; சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுகளை அறுக்கின்றன. அரிஜோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை காய்வதைக் காட்டிற்று. இந்தக் கார்கள் பெருவாரியாகச் சென்றதோ கலிபோர்னியாவைப் போன்ற வெயில் தேசங்களுக்கு, அதுவும் கூரையற்ற வண்டிகளாக. மேலே தோல் சுருங்க, கீழே எஃகு அசையாமல் நிற்க, நடுவே ஃபோம் தன் நெகிழ்ச்சியையும் உறுதியையும் இழந்து பொடிய, ஒரு நாள் தோல் தாங்கமாட்டாமல் பிளக்கிறது. பெரும்பாலும் துளையோ மூலையோ உள்ள இடத்திலேயே முதற்பிளவு தோன்றும். அங்கேதான் இழுவிசை குவிகிறது. ஜப்பானில் 1969-இல் பிறந்து அமெரிக்காவை வென்ற டாட்சன் 240இசட் காரின் டாஷ்போர்டும் இதே கதிக்கு உள்ளாயிற்று; பிளவில்லாத டாஷ்போர்டு உள்ள 240இசட் என்றாலே வாங்குபவர் விலையைக் கூட்டித் தருவார்.

இதைச் சீர்செய்யும் தொழில் மூன்று வழிகளில் வளர்ந்திருக்கிறது. முதலாவது, பழைய டாஷ்போர்டின் உருவத்திலேயே வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் மூடியை அதன்மேல் கவிழ்த்து ஒட்டிவிடுவது. செலவு குறைவு, தூரத்தில் நின்று பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் அடியில் நோய் அப்படியே இருக்க, விளிம்புகள் தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, தோலை முழுவதும் உரித்து, ஃபோமைச் செப்பனிட்டு, காற்றை உறிஞ்சும் மேடைமேல் வைத்து, சூடேறித் தொய்ந்த புதிய வினைல் தாளை அதன்மேல் இறக்கி, பசையோடு ஒரே மூச்சில் படியவைப்பது. ஆலையில் நடந்த காரியத்தையே தலைகீழாக நடத்துவது இது. பெரிய கருவிகளும் தேர்ந்த கைகளும் வேண்டும். மூன்றாவது, பிளவை மட்டும் திறந்து குணப்படுத்தும் கைவேலை. பொறுமையை மூலதனமாகக் கொண்டவர்களுக்கு உரியது.

அந்தக் கைவேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, ஸ்டியரிங் தண்டைத் தாழ்த்தி, ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, மானிகளை ஒவ்வொன்றாகப் பின்புறத்திலிருந்து விடுவித்த பிறகே மெத்தை வெளியே வரும். முதல் காரியம் கழுவுதல். பல ஆண்டுகளாகப் பளபளப்புக்காகத் தேய்த்த சிலிக்கோன் எண்ணெய் தோலின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். அது இருக்கும் வரையில் எந்தப் பசையும் வர்ணமும் பிடிக்காது. ஆகவே கரைப்பானைத் துணியில் நனைத்து, துணி அழுக்கில்லாமல் வரும் வரையில் துடைக்க வேண்டும். பிளவின் இரு கரைகளும் விறைத்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அவற்றை அழுத்தி ஒட்டிவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. ஃபோமோடு உறுதியாகப் பற்றியிருக்கும் இடம் வரையில் கூரிய கத்தியால் அறுத்து எடுத்து, பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாகச் செதுக்கி, பொடிந்த ஃபோமைச் சுரண்டிவிட்டு, அதே நெகிழ்ச்சியுள்ள இரு-திரவ யூரிதேனை ஊற்றுவார்கள். அது மட்டத்துக்குச் சற்று மேலே எழுந்து இறுகியதும், கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், முரட்டு ரகத்தில் தொடங்கி நேர்த்தியான ரகம் வரையில் தேய்ப்பார்கள். தேர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைப் பரப்பி ஓட்டிப் பார்ப்பார்; கண் காணாத மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும்.

பிறகு வருவதுதான் வித்தையின் உச்சம். வினைலின்மேல் தோலைப் போன்ற நுண்ணிய சுருக்கங்கள் உண்டு; வழவழப்பாக நிற்கும் ஒட்டு, அச்சுருக்கங்களின் நடுவே தழும்பாகத் தோன்றும். ஆகவே டாஷ்போர்டில் வெயில் படாத, கெடாத ஒரு மூலையில் திரவ ரப்பரைத் தடவி உரித்தெடுத்து, அதையே முத்திரையாக்கி, ஒட்டின்மேல் இளகிய பூச்சில் அழுத்தி அதே சுருக்கங்களைப் பதிப்பார்கள். இறுதியாக வர்ணம். மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததாக ஏற்றி, பளபளப்பு முற்றும் அடங்கிய மங்கல் நிலையில் நிறுத்த வேண்டும். பளபளக்கும் டாஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும் என்பதை, எஃகுத் தகட்டுக்குச் சுருங்கும் கறுப்பு வர்ணம் பூசிய ஆபிங்டன்காரர்களே நன்கு அறிந்திருந்தார்கள்.

இந்த வித்தையில் எளிதாகக் குறுக்குவழி ஒன்று நுழைந்துவிடுகிறது. உடற்கூட்டில் விழுந்த சொட்டைகளை நிரப்புவதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் உபயோகிக்கும் பட்டியையோ, கல்லாக இறுகும் பிசினையோ பிளவில் வைத்துவிட்டால், தேய்ப்பது சுலபம். வர்ணமும் அழகாகப் பிடிக்கும். புகைப்படத்தில் குறையே தெரியாது. இன்னும் சிலர் பொடிந்த ஃபோம் முழுவதையும் சுரண்டிவிட்டு, கண்ணாடி இழைத் துணியும் பிசினுமாக ஓடு ஒன்றைச் செய்து, அதன்மேல் உயர்ந்த தோலைப் போர்த்தி, முன்னிலும் செல்வச் செழிப்போடு விளங்கச் செய்கிறார்கள். கைத்திறனைக் குறை சொல்ல இயலாது. ஆனால் விரலால் அழுத்தினால் நெகிழாத அந்த டாஷ்போர்டு, மெத்தைக்கு முந்திய பலகைக்கே திரும்பிவிட்டது. மூன்று சென்டிமீட்டர் மறுபடியும் மூன்று மில்லிமீட்டர் ஆகிவிட்டது. இடுப்பை மட்டும் பிடிக்கும் பட்டையும், தலைக்கு அருகே தாங்கலற்ற தாழ்ந்த ஆசனமும் கொண்ட பல பழைய வண்டிகளில், இந்த இடைவெளி ஒன்றே அமர்பவருக்கு மிஞ்சியிருக்கும் காப்பு என்பதை மறந்து செய்யும் அலங்காரத்தைப் புதுப்பித்தல் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை.

பழைய வாகனங்களைப் பேணும் சர்வதேசச் சம்மேளனமான ஃபீவா, 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனத்தில், பழுதுபார்ப்பவர் வேண்டிய அளவுக்கு மேல் கை வைக்கலாகாது என்றும், புதிதாகச் சேர்த்தவற்றை அடையாளம் காண இயல வேண்டும் என்றும், செய்த வேலையைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. கோயில்களையும் ஓவியங்களையும் பேணுவதில் நீண்ட நாளாக வழங்கிவரும் தர்மத்தை வாகனத்துக்கும் விரித்த அந்தச் சாசனம் மிகவும் போற்றத்தக்கது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுவது உசிதம் என்பது என் துணிபு. ஒரு பொருளின் வடிவத்தையும் நிறத்தையும் காப்பது போதாது. அது எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்தையும் காக்க வேண்டும். வால்நட் பலகையின் காரியம் அழகு. அதை மெருகேற்றினால் போதும். கானலித் தோலின் காரியம் கௌரவம். அதைப் பதப்படுத்தினால் போதும். ஆபிங்டன் தலையணையின் காரியம், நெகிழ்ந்து கொடுப்பது. நெகிழாத தலையணை எவ்வளவு துல்லியமாக முன்போலவே தோன்றினும், அது மூலத்தின் உருவச்சிலைதான்.

ஆகவே தம்முடைய பழைய வண்டியின் டாஷ்போர்டைத் தொழிலாளியிடம் ஒப்படைப்பவர், நிறம் ஒத்திருக்கிறதா, சுருக்கம் ஒத்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே எதை வைத்தீர்கள், அது எவ்வளவு அமிழும் என்று கேட்கட்டும். தொழிலாளியும் தாம் உபயோகித்த பொருளின் பெயரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி, மெத்தையின் பின்புறத்தில் ஒட்டிவைக்கட்டும். இந்த மெத்தைகள் பிறந்த காலம் போய்விட்டது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. எஞ்சியிருப்பவை வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் இருக்கும் கைகளே. அந்தக் கைகள் அழகை மட்டும் அறிந்திருந்தால், இன்னும் ஒரு தலைமுறையில் மெத்தையிட்ட டாஷ்போர்டு என்பது பார்ப்பதற்கு மட்டும் மெத்தையாக இருக்கும். அதன் காரணத்தையும் அறிந்திருந்தால், டாக்டர் ஸ்ட்ரெய்த்தும் டிஹேவனும் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற அந்த ஓர் அங்குல இடைவெளி, அதில் அமர்ந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து கிடைத்துவரும்.